கதவு அண்ணை போலந்துக்குப் போனார்

ரொறன்ரோவில் கதவு அண்ணையின் விரல் படாத வாசல் ஏதாவது இருந்தால், அது இன்னும் கட்டி முடிக்காத வாசலாகத்தான் இருக்கும். கோயிலோ வங்கியோ பல் வைத்தியரோ, எங்கே நுழைந்தாலும் வலது பக்க நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். ஸ்காபரோவில் பஸ் ஏறும்போதும் அப்படியே. பின்னால் நிற்பவர்கள், மனிதர் பஸ் கார்டைத் தேடுகிறார் என்று பொறுத்துக்கொள்வார்கள். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுகள்தான் அவருக்குப் பரம எதிரி. தொடப் போனால் ஓடிவிடும். விட்டுவிட்டு நடந்தால் திரும்பி வரும்.

இந்தப் பழக்கத்தை அவர் ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்றே எல்லோரும் நினைத்தோம். இல்லையாம். கனடாவுக்கு அகதியாக வந்த புதிதில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. முதலாளி போலந்தில் பிறந்த யூதர். வாசல் நிலையில் விரல் நீளத்தில் ஒரு உலோகக் கூடு பூட்டியிருந்தார். உள்ளே தோல் சுருளில் எழுதிய வேத வசனம். யூதர்கள் அதைக் கொஞ்சம் சரித்துத்தான் பூட்டுவார்கள், தொட்டு விரலை முத்தமிட்டுவிட்டு உள்ளே போவார்கள். அண்ணைக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் கண்டதெல்லாம், கூடு சரிந்து, கிட்டத்தட்டப் படுத்துக் கிடப்பதைத்தான். முதலாளியிடம் நல்ல பெயர் எடுக்க இதைவிட வேறு வாய்ப்பு வருமா? ஸ்குரூ டிரைவரை எடுத்து, நூல் பிடித்ததுபோல் நிமிர்த்திவிட்டார்.

முதலாளி வந்து பார்த்தார். வேலை போய்விட்டது என்று அண்ணை ஏப்ரனைக் கழற்றத் தொடங்கினாராம். முதலாளி கூட்டைப் பழையபடி சரித்துப் பூட்டினார். போலந்தில் தன் தகப்பன் இப்படித்தான் அளவுக்கு மீறிச் சரித்துப் பூட்டியிருந்தார், ஊரே சிரிக்கும் என்றார். அந்தத் தகப்பனையும் தாயையும் தங்கையையும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஊருக்கு வெளியே காட்டில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்பதையும் அன்றைக்கே சொன்னார். அண்ணை தொடத் தொடங்கியது அன்றுதான். முத்தமிட மட்டும் வெட்கம். அதனால் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்போது முதலாளிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார், கண் தெரியாது. போலந்தில் தான் பிறந்த வீடு இன்னும் நிற்கிறதா, தகப்பன் கூட்டைப் பூட்டிய தடம் நிலையில் இருக்கிறதா என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்பதில்லை. அண்ணை போய்ப் பார்த்து வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். துணைக்கு வேறு ஆள் அகப்படாததால், ரொறன்ரோவை அடுத்த அஜக்ஸில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனாகிய என்னை இழுத்துக்கொண்டு போனார். விமானத்தின் வாசலில் அவர் நிலையைப் பிடித்தபடி நின்றதைக் கண்டு, தலைசுற்றுகிறதா என்று பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அது சின்ன ஊர். நடுவில் சதுக்கம். யூதர்களின் பழைய தொழுகைக்கூடம் இப்போது நூலகம். யூதர் ஒருவர்கூட இல்லை. காட்டோரத்தில் ஒரு நினைவுக்கல் நின்றது. அதில் பெயர்கள் இல்லை. பூ வேண்டாம், எங்கள் வழக்கப்படி கல் வை என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணை மூன்று கூழாங்கற்களை வைத்தார். திரும்பி நடந்த அந்த வழி முழுவதும் கைகளைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

சதுக்கத்துக்கு வந்ததும் பழையபடி ஆகிவிட்டார். சதுக்கத்துக் கிணற்றுக்குப் பின்னால் உள்ள குறுகிய ஒழுங்கை என்பதுதான் எங்களிடம் இருந்த முழு முகவரி. முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டு நிலையையும் தடவிக்கொண்டே போனார். நாய்கள் குரைத்தன, யன்னல் திரைகள் அசைந்தன. இவர் யாரென்றே தெரியாது என்ற முகத்தோடு நான் பத்தடி பின்னால் நடந்தேன். இரண்டு வீடுகளில் சின்னத் தடம் இருந்தது. சரிவு போதாது, எங்கட ஆளின்ர இல்லை என்று தள்ளிவிட்டார்.

ஒன்பதாவது வீட்டில் நின்றுவிட்டார். பலமுறை பெயின்ற் பூசிய நிலை. பெயின்ற்றுக்குள்ளும் தெரிந்தது, கிட்டத்தட்டப் படுத்தபடி ஒரு பள்ளம்.

வீட்டுக்கார அம்மா கதவைப் பாதி திறந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பழைய உரிமைக்காரர் வீட்டைக் கேட்டு வருவார்களோ என்ற பயம் அங்கே சிலருக்கு உண்டாம். எங்கள் இருவரின் நிறத்தைப் பார்த்தும் அந்தப் பயம் குறையவில்லை. அண்ணை போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து தமிழிலேயே சொன்னார்.

"அம்மா, நான் வீடு கேக்க வரேல்லை. சண்டைக்குள்ள எங்கட வீட்டு நிலையைக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், கதவோட. இந்த வீட்டுப் பிள்ளை கண் தெரியாமல் இருக்கிறார். அவரின்ர நிலை நிக்குதெண்டு அவருக்குக் காட்டவேணும்."

இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்தக் கதை எனக்குத் தெரியாது. கேலி செய்யத்தான் எனக்கு நேரம் இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழைப் போன் எப்படி விளங்கிக்கொண்டதோ, அந்த அம்மாவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

கண் தெரியாதவருக்குப் படம் எடுத்து என்ன பயன்? அண்ணை அந்த அம்மாவிடம் மாவும் உப்பும் தண்ணீரும் கேட்டு வாங்கி, வாசற்படியிலேயே குழைத்தார். முப்பது வருடம் பேக்கரியில் குழைத்த கை. அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அண்ணையின் கையைத் தட்டிவிட்டு, இப்படித்தான் என்று தானே குழைத்துக் கொடுத்தார். மாவைப் பள்ளத்தில் அழுத்தி எடுத்தபோது தடம் அச்சாக விழுந்திருந்தது. ஹோட்டலில் தலை உலர்த்தும் கருவியால் இரண்டு நாள் காயவைத்தோம். ரொறன்ரோ விமான நிலையத்தில் அதிகாரி, சாப்பாட்டுச் சாமானா என்று கேட்டார். "இல்லை, இது கதவு" என்று அண்ணை சொன்னதால், வெளியே வர ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்தது.

முதியோர் இல்லத்தில் முதலாளி அந்த மாக்கட்டியை மடியில் வைத்து விரலால் தடவினார். அச்சின் மேல் விளிம்பைக் கண்டுபிடித்து, அது எந்தப் பக்கம் சரிகிறது என்று மெதுவாகப் பின்தொடர்ந்தார். நீ இதை நிமிர்த்திவிட்டு வரவில்லையே என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை பொஸ், ஸ்குரூ டிரைவர் கொண்டுபோகவில்லை என்று அண்ணை சொன்னார். கிழவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு விரலை உதட்டில் வைத்தவர், வெகுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவில்லை.

போன கிழமை அண்ணை கறிவேப்பிலை கேட்டு அவசரமாக என் வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் நிலையைத் தொட மறந்து உள்ளே வந்துவிட்டார். திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வரச் சொல்லி, அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.