சூரியன் வரும்போதும் போகும்போதும் மட்டும்

தாணுமாலயன் துணை

கொட்டாரம்,
ஞாயிறு மத்தியானம்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் கோலப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், சுஜா, மகள் நந்தனா மூவரும் சுகம். திருச்சியில் நீங்களும் அக்காவும் முழங்கால் வலி இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

நான் லாட்ஜ் முதலாளியை அடித்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனில் இருப்பதாக யாரோ சொல்லி அக்கா அழுதாளாம். நான் யாரையும் அடிக்கவில்லை. போனது ஸ்டேஷனுக்கு அல்ல, நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்துக்கு. போனில் சொன்னால் அவள் முதல் வரியிலேயே அழுதுவிடுவாள் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் முழுவதும் படித்துவிட்டு அவளிடம் கொடுங்கள்.

கன்னியாகுமரி லாட்ஜில் பதினோரு வருஷமாக நான் ரிசப்ஷனில் இருப்பது உங்களுக்குத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்குப் போய், சூரிய உதயம் பார்க்க வந்தவர்களைக் கதவு தட்டி எழுப்பி, மொட்டை மாடிக்கு வழிகாட்டி, பிறகு வருகிறவர் போகிறவர் கணக்கெல்லாம் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவேன். போன மாதம் முதலாளி செல்வதாஸ் கூப்பிட்டு, ரூமெல்லாம் இப்போது போனிலேயே புக் ஆகிவிடுகிறது, பகலில் உமக்கு இங்கே என்ன ஜோலி, இனிமேல் காலை நாலு முதல் ஆறு, சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வந்தால் போதும் என்றார். அதாவது சூரியன் வரும்போதும் போகும்போதும் மட்டும் நான் இருக்க வேண்டும். சம்பளமும் பாதி. எட்டு மணி நேரம் என்றுதானே என்னைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அப்பிடி எழுதின பேப்பர் ஏதாவது உண்டா வேய்?" என்றார்.

இல்லை. சேர்ந்த அன்று ஒரு டீ வாங்கித் தந்தார், அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

அதோடு போயிற்றா? மழைக்காலம் வந்ததும் மூன்றரை மணிக்கே போன் செய்து, இன்று மேகம் போட்டிருக்கிறது, சூரியன் தெரியாது, நீர் வரண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். நந்தனாவுக்கு நர்சிங் படிப்பு கடைசி வருஷம். என் வருமானமோ மேகத்தின் கையில். வேலைக்குப் போன நாளிலும் ஆறு மணி முதல் ஐந்து மணி வரை வீட்டில்தான் இருந்தேன். சும்மா இருக்கக் கூடாதே என்று சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வரிசைப்படி அடுக்கி வைத்தேன். தேங்காய் எப்படித் துருவ வேண்டும் என்று சுஜாவுக்கு இரண்டொரு யோசனை சொன்னேன். நாலாவது நாள் அவள் துருவியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க பகல் முழுக்க வீட்டுல இருக்கது எனக்குத்தான் ஓவர்டைம்" என்றாள். மறுநாளே நந்தனாவையும் என்னையும் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நியாயம் கிடைக்கட்டும் என்றா, வீடு காலியாகட்டும் என்றா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் ஷீஜா மேடம் என்று ஓர் அதிகாரி. எழுத்து இல்லை என்று நான் தலை குனிந்தபடி சொன்னதும் அவர் சிரித்தார். தாளில் எழுதாவிட்டாலும் பதினோரு வருஷ வேலை வேலைதான், நேரத்தையும் சம்பளத்தையும் முதலாளி இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டார். சம்பளம் விழுந்த பேங்க் புத்தகத்தைக் காட்டினேன். நந்தனா என் போனை எடுத்து நீட்டினாள். அதில் முதலாளி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியவை ஆயிரத்துக்கு மேல் இருந்தன. எல்லாம் ஏச்சு.

அடுத்த வாரம் முதலாளியையும் வரச் சொல்லியிருந்தார்கள். கோலப்பன் எங்கள் ஆளே இல்லை, ஏதோ உதவிக்கு வந்து போவார் என்றார் அவர். மேடம் என் போனை அழுத்தினார். முன்னூற்றி இரண்டில் வெந்நீர் வரவில்லை, செத்துப்போனீரா என்று கேட்டது முதல் குரல். யாரைக் கேட்டு லீவு எடுத்தீர் என்றது அடுத்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் ஃபைலை மூடிவிட்டுக் கேட்டார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது அத்தான், இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

"இவரு உங்க ஆளு இல்லன்னா லீவு போட்டதுக்கு எதுக்கு சார் ஏசுனீங்க?" என்றார் மேடம்.

"அது ஒரு உரிமையில ஏசுனது மேடம்."

"அந்த உரிமையத்தான் நாங்களும் கேக்கோம்."

முதலாளி துண்டால் முகம் துடைத்தார். பழைய சம்பளம், மேடம் சொன்னபடி விடியற்காலை வேலை இல்லாமல் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, ஞாயிறு லீவு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது நந்தனா அதை மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். மூன்றாவது தரம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே அத்தான், எந்த வேலையானாலும் வாய்ப்பேச்சை நம்பக் கூடாது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று உங்கள் மாப்பிள்ளைக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகளுக்கு நூறு வயசு. 

இப்படிக்கு,
கோலப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது முதலாளி கையில் மட்டி வாழைப்பழக் குலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று நாளாக உதயம் பார்க்க வருகிறவர்களை அவரே எழுப்புகிறாராம். இன்று அவரும் தூங்கிவிட, நாசிக்கிலிருந்து வந்த நாற்பது பேர் சூரியன் உச்சிக்கு வந்த பிறகு எழுந்து சண்டை பிடித்தார்களாம். "நீரு தட்டினாத்தான் ஓய் ஆளு எந்திரிக்கான்" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் தரம். நாளை முதல் காலை நாலு மணிக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குத் தனிச் சம்பளம் உண்டு என்றார், எவ்வளவு என்று சொல்லவில்லை. அதையும் எழுதித் தரட்டுமா என்று அவரேதான் கேட்டார். நமக்குள்ளே எதற்கு எழுத்து என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து சுஜா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சோறு தருகிறேன் என்று இப்போது வாயால்தான் சொல்கிறாள். மணி மூன்றாகிறது, இலை போடவில்லை.