மாமனார் கம்ப்யூட்டரில் நான் இடம் பண்ணிக் கொடுத்த கதை

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் ஒரு வேலையும் சொல்ல மாட்டார்கள். என் விஷயத்தில் அந்த வழக்கத்தை ஒரே ஒரு மதியம் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை, குடித்த காபி டம்ளரைக்கூட என்னை எடுத்துவைக்க விட்டதில்லை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில். பெண் பார்க்க வந்த அன்றே ‘மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்காரு’ என்று காஞ்சிபுரத்தில் பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் நான் செய்வது, ஷிப்ட் முடிந்து போகிறவர்களை எந்த வண்டியில் யாரோடு ஏற்றுவது என்று பட்டியல் போடும் வேலை. அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.)

என் மாமனார் இருபது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். முதுகு வலி வந்த பிறகு, பட்டுச் சேலைக்குக் கரையும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் தொழிலுக்கு மாறிவிட்டார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் ஓர் இழை. ஒவ்வொன்றாக நிறம் வைத்து அன்னமும் யாளியும் கொண்டுவருவார். முடிந்ததும் அதை அட்டை குத்துகிற இடத்துக்கு அனுப்புவார்கள். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறினால்தான் நெசவு ஆரம்பம்.

அந்தக் கார்த்திகை மாதம் அவர் வரைந்துகொண்டிருந்தது வெளி ஆர்டர் இல்லை. என் மனைவி பவித்ராவின் தங்கை நந்தினிக்குத் தையில் கல்யாணம். அவளுடைய முகூர்த்தப் புடவையின் முந்தியை அப்பா தன் கையால் போட வேண்டும் என்று ஆசை. இருபது நாளாகப் போட்டுக்கொண்டிருந்தார். யாளி ஒரு வரிசை, அன்னம் ஒரு வரிசை, நடுவே இரண்டு மயில். திங்கட்கிழமை அட்டை குத்தக் கொடுத்தாக வேண்டும். தறி காலியாகி, நெசவு செய்பவர் காத்திருந்தார்.

சனிக்கிழமை நானும் பவித்ராவும் போய் இறங்கினோம், எங்கள் கல்யாண வீடியோ அடங்கிய ஹார்ட் டிஸ்கோடு. முகூர்த்தம், ரிசப்ஷன், மண்டபத்துக்கு மேலே டிரோன் விட்டு எடுத்த மொட்டை மாடி, எல்லாம் அதில் இருந்தன. மாமனார் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்றேன். ஏற்றினால், இடம் இல்லை என்றது. சி டிரைவ் சிவப்பாக நிரம்பி வழிந்தது.

மாமனார் பின்னால் வந்து நின்றார். “அந்தச் செவப்புக் கோடு ரொம்ப நாளா இருக்குது மாப்ளே. பொட்டியும் நவுரவே மாட்டேங்குது. என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்” என்றார். பார்க்கிறேன் மாமா, நீங்கள் போய்ப் படுங்கள் என்று சொன்னேன். அப்போது என் குரலில் இருந்த கம்பீரத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கம்பெனியில் எங்கள் சிஸ்டம் ஆள் ஒருமுறை என் கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்ததைப் பார்த்திருந்தேன். ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து டெம்ப் என்று அடிப்பான். ஆயிரம் ஃபைல் வரும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பான். எல்லாம் குப்பை சார் என்பான். என் மொத்தக் கணினிக் கல்வி அவ்வளவுதான். அதோடு என் சொந்தப் புத்தியையும் கொஞ்சம் சேர்த்தேன். ரீசைக்கிள் பின்னுக்குப் போனால் அங்கேயும் இடத்தை அடைக்குமே என்று, ஷிப்ட் பொத்தானையும் அழுத்தி, ஒரேயடியாக அழித்தேன்.

பாதியில் ஒரு பெட்டி குதித்தது. ஒரு ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது, அழிக்க முடியாது, விட்டுவிடவா என்று மரியாதையாகத்தான் கேட்டது. மாமனார் வீட்டில் ஒரு மெஷின் எனக்கு முடியாது என்று சொல்வதா? திறந்திருந்தது மாமனாரின் டிசைன் புரோகிராம். அதை மூடப் பார்த்தேன், இடமில்லாமல் அது உறைந்துபோயிருந்தது. டாஸ்க் மேனேஜருக்குப் போய்க் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். திரும்ப அழி என்றேன். அழிந்தது. பதினோரு ஜிபி காலியானது.

சிவப்பு நீலமானதை வீட்டையே கூப்பிட்டுக் காட்டினேன். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். பவித்ரா தங்கையை ஒரு பார்வை பார்த்தாள், கட்டினால் இப்படி ஒருத்தரைக் கட்ட வேண்டும் என்பது போல. கிடைத்த இடத்தில் கல்யாண வீடியோவை முழுக்க ஏற்றினேன். சரியாகப் பொருந்தியது.

மாமனார் தூங்கி எழுந்து வந்து, பரவாயில்லையே என்று பாராட்டிவிட்டு டிசைனைத் திறந்தார். வெறும் வெள்ளைக் கட்டங்கள் வந்தன. மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தார்.

“கேக்கலியே” என்றார்.

“என்ன மாமா கேக்கணும்?”

“தெனமும் கேக்கும் மாப்ளே. பழசு இருக்குது, வேணுமான்னு. ஆமான்னு அமுக்குவேன், வந்துடும்.”

நீங்கள் சேவ் பண்ணுவதில்லையா என்று கேட்டேன். முடியாத வேலையை எதற்குச் சேவ் பண்ண வேண்டும் என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். “தறியில பாவு நூலு ஏத்தினா, சேலைய அறுக்கற வரிக்கும் யாராச்சும் கழட்டி வெப்பாங்களா? துணி போத்திட்டுப் போவோம். காலைல வந்து வுட்ட எடத்துலேர்ந்து நெய்வோம்” என்றார். முடித்த டிசைனை, சேலையை அறுத்து மடித்து வைப்பதுபோல ஒரே ஒருமுறை சேவ் பண்ணுவார். முடியும்வரை தினமும் சாயங்காலம் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவார். இருபது நாளாக நந்தினியின் முந்தி, புரோகிராம் தானாக எடுத்துவைக்கிற நகலாக, நான் குப்பை என்று பெருக்கித் தள்ளிய அந்த டெம்ப் அறைக்குள்தான் குடியிருந்திருக்கிறது.

மொட்டை மாடிக்கு ஓடி சிஸ்டம் ஆளுக்குப் போன் போட்டேன். முதலில் எல்லாவற்றையும் சேவ் பண்ணி மூடினீர்களா என்றான். இல்லை. பழைய தேதி ஃபைல்களை மட்டும் எடுத்தீர்களா? இல்லை. “திறந்திருக்குதுன்னு சொன்னா ஸ்கிப் குடுத்துட்டுப் போய்டணும் சார், அவ்ளோதான் விஷயம்” என்றான். பிறகு மனமிரங்கி, பயப்படாதீர்கள், அழிந்ததை மீட்க வழி உண்டு, அந்த இடத்தில் புதிதாக எதையும் ஏற்றாமல் இருந்தால் போதும் என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

கீழே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். சாதாரண வீடாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? மாமியார் உள்ளே போய் எனக்கு வடை எடுத்துவந்தார். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வைத்தார். “மனசுல இருக்குது மாப்ளே, போட்டுடலாம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். என்னை நேராகப் பார்த்துப் பேசியது நந்தினி மட்டும்தான்.

“மாமா, என் முந்தி இருந்த எடத்துல இப்ப உங்க கல்யாணம் ஓடிக்கினு இருக்குது” என்றாள்.

அந்த வடையை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

நெசவு செய்பவர் ஒரு வாரம்தான் பொறுக்க முடியும் என்றுவிட்டார். நான் நாலு நாள் லீவு போட்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேவ் பண்ணுவது மட்டும் என் வேலை. அவர் ஒவ்வொரு கட்டமாக வைத்துக்கொண்டே போனார். முதுகு தாங்காமல் அவ்வப்போது எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாளிக்கு நேரம் போதவில்லை, மயிலும் போனது. கடைசியில் கீழே ஒரே ஒரு அன்ன வரிசை, மேலே தடித்த ஜரிகைக் கோடு மூன்று, நடுவில் வெறும் அரக்கு நிறம். அதைத்தான் நந்தினி மணையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள். நான் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் ஓர் அத்தை, முந்தி எடுப்பாக இருக்கிறதே, யார் டிசைன் என்று நந்தினியைக் கேட்டார். அவள் கண்ணிமைக்காமல், “எங்க மாமா” என்று என்னைக் காட்டினாள். அன்று முழுக்க ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். மறுமாதமே ரெண்டு பேர் அதே மாதிரி கேட்டு வந்தார்கள். மாமனார் அந்த ஃபைலுக்கு ‘மாப்பிள்ளை முந்தி’ என்று பெயர் வைத்தார். அதே பெயரோடு அது ஊரில் கைமாறத் தொடங்கியது.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பவித்ராவோடு ஒரு கடைக்குப் போயிருந்தேன். எங்களை யாரென்று தெரியாத கடைக்காரர், அன்ன வரிசை வைத்த ஒன்றை மடியில் பிரித்துப் போட்டார். “இது மாப்பிள்ளை முந்தி சார். மாப்பிள்ளை வூட்ல எடுத்துக் குடுக்கறது, அதான் அந்தப் பேரு. ரொம்பப் பழைய டிசைனு” என்றார்.

நான் பவ்யமாகத் தலையாட்டினேன். பவித்ரா ஆட்டவில்லை. பாயில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “அப்படி இல்லீங்க” என்று ஆரம்பித்தாள். அளந்துகொண்டிருந்தவர், மடித்துக்கொண்டிருந்தவர், பில் போடுகிறவர் என்று எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்கள். அவள் வடைக்கு வந்தபோது நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.