காதில் குச்சி வைத்த யானை

பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு யானைகள். பன்னிரண்டும் உட்கார்ந்தபடி தூங்கின.

அசோக்குமார் படங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். ஓசூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, ஞாயிறு காலை நேராக இந்த மாடி அறைக்கு வந்து ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில் போட்டி. தலைப்பு, 'சானமாவுக் காட்டு யானை'. ஒரு பரிசாவது வராவிட்டால் பிள்ளைகளை அபாகஸில் சேர்ப்பதாகப் பெற்றோர்கள் முடிவு செய்திருந்தார்கள். அப்புறம் மாடிக்குப் பூட்டுத்தான்.

"காட்டு யானை இப்பிடியா குந்திக்கிட்டுத் தூங்கும்? நிக்க வைங்க!"

உட்கார்ந்தால் அவருக்குக் கண் சொருகியது. சுவரில் சாய்ந்து நின்றார். இரண்டே நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். ஒரு மணி நேரம் போயிருந்தது.

யானைகள் எழுந்துவிட்டன. ஆனால் எல்லாம் மரத்தில் சாய்ந்து தூங்கின.

"கண்ணத் திறங்கப்பா!"

திறந்தார்கள். பன்னிரண்டுக்கும் கண் ரத்தச் சிவப்பு, வாய் நிறையக் கொட்டாவி. போதாததற்கு ஒவ்வொன்றின் காதிலும் ஒரு குச்சி.

"இது என்ன குச்சி?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

நூலைப் போலத்தானே சேலை! கோளாறு தன் கையில்தானோ என்று, சுவரில் மாட்டியிருந்த தன் யானையைப் பார்த்தார். அது விறைப்பாகத்தான் நின்றது. கழற்றி நடுவில் வைத்தார்.

"இதப் பாத்து வரைங்க."

"படத்தப் பாத்து வரையாத, கண்ணால பாத்தத வரைன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்றாள் சௌமியா.

அவருக்கு வாதாடத் தெம்பில்லை. படங்கள் அப்படியே போட்டிக்குப் போயின.

முதல் பரிசு சௌமியாவுக்கு! 'காட்டை இழந்த யானையின் களைப்பு' என்று நடுவர் உருகி எழுதியிருந்தார். அவள் அம்மா முனிலட்சுமி மைசூர்பாகு டப்பாவோடு மகளையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"அபாகஸும் வேணாம், ஒண்ணும் வேணாம் சார். எல்லாப் பசங்களும் இங்கயே இருக்கட்டும்."

அசோக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஞாயிறு தூக்கம் கெட்டது வீணில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சான்றிதழில் பெயரைச் சுட்டிச் சுட்டிப் படித்தார்.

"ஏம்மா சௌமியா, இவ்வளவு களைச்ச யானைய நீ எங்க பாத்த? ஜவளகிரிக் காட்டுப் பக்கமா?"

"காட்டு யானைய நாங்க யாருமே பாத்ததில்ல சார். உங்களப் பாத்துத்தான் வரைஞ்சோம். தும்பிக்கை மட்டும்தான் எங்க கற்பனை."