திரைத்துணிக் கடையில் ஒரு காதல் பாட்டு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் ஒரு காதல் பாட்டுக்கு வாயசைத்து நடித்துவிட்டோம். அது படமாகிவிட்டது. போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது "என்னது மாப்ளே, நீ பாடினியா?" என்று சிரிக்கத் தொடங்கியவர், சிரிப்பு நிற்காமலே போனை வைத்துவிட்டீர்கள். ஆகையால் எழுத்தில் தருகிறேன். கடிதத்தில் யாரும் இடையில் புகுந்து சிரிக்க முடியாது.

இங்கே எல்லோரும் நலம், கடையும் நலம். அங்கே உங்கள் முழங்காலும் அக்காவின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சு கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மருமகள், அதாவது என் ஒரே மகள், படம் வெட்டி ஒட்டும் எடிட்டிங் படிப்பை முடித்ததும், "அவளைப் பேசாமக் கடையில உட்கார வை" என்றீர்கள் அல்லவா, எனக்கும் அதேதான் எண்ணம். அடுத்த தெருவில் இரண்டாவது கடை திறக்கப் போகிறேன். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும். பெற்ற மகளைவிட நம்பிக்கையான ஆள் சம்பளத்துக்குக் கிடைப்பாரா? அவளோ ஸ்டூடியோவில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அங்கே தலைமை எடிட்டராக இருக்கும் ஒரு அம்மாள், ஒரு பாட்டுக்கு முழுசாகப் படம் எடுத்து வெட்டி ஒட்டிக் கொண்டுவா, பிடித்தால் வேலை என்று சொல்லியிருந்தாராம். மகளானாலும் பேச்சை முடித்துக்கொண்டுதான் நான் மேலே போவேன். "அந்தம்மாவுக்குப் பிடிச்சா நீ போ. பிடிக்கலைன்னா மறுபேச்சில்லாம புதுக் கடைக் கல்லா" என்றேன். "சரிப்பா" என்று இறுக்கிக் கை கொடுத்தாள். அந்தப் பிடியிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. கொள்முதலுக்குப் போகிற இடத்தில் அப்படிக் கை கொடுப்பவரிடம் நான் அன்றைக்கு விலை பேசுவதில்லை.

பாட்டு தயாராக இருந்தது. அவளோடு படித்த ஒரு பையனும் பெண்ணும், நிச்சயமானவர்கள், உருகி உருகிப் பாடிக் கொடுத்திருந்தார்கள். படம் எடுக்க வேண்டிய வாரத்தில் இருவருக்கும் சண்டை. ஒரே கேமராவுக்கு முன்னால் நிற்க மாட்டோம் என்றுவிட்டார்கள். குரல் இருக்கிறது, முகம் இல்லை. மகள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளூர நிம்மதி. அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க வாயசைக்கிறோம்டி" என்றாள்.

"நாங்கன்னா யாரு?" என்று கேட்டேன்.

"இந்த வீட்ல என்னையும் உங்களையும் விட்டா வேற யாரு இருக்கா?"

என் குரல் உங்களுக்குத் தெரியும். நான் போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார். அந்த வாயிலிருந்து மீசை முளைத்து முடியாத ஒரு பையனின் குரல் வர வேண்டும் என்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். படம் எடுக்க நம் கடையேதான் இடம். வாடகை இல்லை, சுற்றிலும் திரைத்துணி தொங்குகிறது, பின்னணிக்குச் செலவில்லை என்று கணக்குப் போட்டிருந்தாள். அதில் மட்டும் என் ரத்தம்.

ஸ்பீக்கரில் பாட்டை வைத்தாள். நான் வாயைத் திறந்து மூடினேன்.

"அப்பா, சும்மா திறந்து மூடாதீங்க. சத்தமாப் பாடணும்."

"பாடினா அந்தச் சத்தம் படத்துல வருமா?"

"வராது. அதைத் தூக்கிப் போட்டுட்டு அந்தப் பையன் குரலை வெப்பேன்."

"தூக்கிப் போடற சரக்கை நான் எதுக்கும்மா தொண்டை கிழிய உற்பத்தி பண்ணணும்?"

"சத்தம் எனக்கு வேண்டாம்ப்பா. நிஜமாப் பாடினாத்தான் கழுத்து நரம்பு அசையும், நெஞ்சு மூச்சு வாங்கும். அது வேணும். இல்லைன்னா தொட்டியில இருக்கிற மீன் மாதிரி இருப்பீங்க."

கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, மச்சான். ஆனால் நன்றாக வர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. மீனாகவே இருந்துவிட்டேன். உங்கள் தங்கையோ தொண்டையைத் திறந்து பாடினாள். சுருதி தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. இதுவரை அவள் பாடி நான் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை என்பதால் பாடவில்லையா, பாடாததால் கேட்கவில்லையா என்பது தெரியவில்லை. நம் தையற்காரருக்குப் படத்தில் வேலையே கிடையாது, அவரும் மிஷினை மிதித்துக்கொண்டே கூடப் பாடினார், நிறுத்தச் சொன்னதற்கு, "முதலாளி பங்குக்கு யாராவது பாடணும்ல?" என்றார். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் பலகை தட்ட வேண்டுமாம், படத்தையும் சத்தத்தையும் பிறகு சேர்க்க. பலகை இல்லை, என் மீட்டர் கோலை எடுத்து மேஜையில் படீர் படீர் என்று அடித்தாள். அந்தச் சத்தத்துக்கு உள்ளே வந்த ஒரு வாடிக்கையாளரம்மா, இங்கே ஏலம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் திரைக்கு விலை கேட்டார். கேமரா ஓடுகிறதே என்று பார்த்தால் வியாபாரம் நடக்குமா? நான் பாதிப் பாட்டில் இறங்கி விலை சொன்னேன். அவர் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார், நான் குறைத்தேன், அவர் மறுபடி ஆட்டினார், கடைசியில் வாங்காமலே போனார்.

அடுத்து ஒரு கூத்து. பாட்டு திடீரென்று இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது; பாடகன் அணில் மாதிரி கத்தினான். "ஸ்பீக்கர் போச்சு, பில் இருக்கா, மாத்திட்டு வா" என்றேன். "இல்லப்பா, இதுக்கு வேகமா வாயசைங்க, துணியையும் வேகமா உதறுங்க, அப்புறம் காட்டறேன்" என்றாள். நானும் உங்கள் தங்கையும் பேய் பிடித்தவர்கள் மாதிரி வாயைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஒரு வெள்ளைத் திரையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினோம். தையற்காரர் கதவைச் சாத்தினார், கடையின் மரியாதைக்காக.

இதற்கு நடுவில் மொத்த வியாபாரியின் லாரி வந்து வாசலில் நின்றது. அந்த டிரைவரைத் தெரியாதா, கண் அசந்தால் ஒரு கட்டு வண்டியிலேயே தூங்கும். நான் மேஜைக்குப் பின்னால் நின்றபடி இறங்குகிற துணிக்கட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். வாய்விட்டு எண்ணினால்தான் எனக்குக் கணக்கு நிற்கும். மகள் கண்ணாடி ஜன்னலோரம் அம்மாவை நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தவள், நடுவில் என்னைக் கூப்பிட்டு "முதுகை மட்டும் காட்டுங்கப்பா" என்று திருப்பிவிட்டாள். அத்தோடு எண்ணிக்கை போயிற்று. சாயங்காலம் அடுக்கிப் பார்த்தால் ஒரு கட்டு குறைகிறது. மொத்த வியாபாரியோ எல்லாம் சரியாகத்தான் அனுப்பினேன் என்கிறார். அந்த விவகாரம் இன்னும் தீரவில்லை. காதல் பாட்டால் எனக்கு நேர்ந்த நஷ்டம் இது.

பிறகு மகள் கம்ப்யூட்டரோடு அறைக்குள் போனாள். சாப்பாடு போனது, ஆள் வெளியே வரவில்லை. ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தேன். திரையில் பாட்டு முழுவதும் மலையும் பள்ளமுமாகக் கோடாக நீண்டு கிடந்தது. என் மீட்டர் கோல் அடித்த அடி அதில் ஒல்லியாக ஒரு கம்பம் மாதிரி நின்றது. கம்பத்தோடு கம்பத்தைச் சேர்த்தாள், வாயும் குரலும் ஒன்றாகிவிட்டன. அவ்வளவுதானா என்றேன். "அம்மாவுக்கு அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி முடியாதுப்பா. உங்க வாய் எங்கேயும் சேரலை" என்றாள். நான் ஓரமாக உட்கார்ந்தேன்.

மச்சான், நான் துணியை வெட்டிப் பிழைத்தவன். ஒரு விரற்கடை தப்பினால் திரை ஜன்னலுக்கு எட்டாது என்று தெரிந்தவன். அவள் வெட்டுகிற அளவுக்கு விரற்கடை ஒரு மைதானம். "ப" என்று உதடு ஒட்டுகிற இடத்தில் குரலும் ஒட்ட வேண்டும், கண் சிமிட்டும் நேரத்தில் பாதி தள்ளிப் போனாலும் பார்ப்பவன் பொய் என்று கண்டுபிடித்துவிடுவான் என்றாள். அந்தப் பேய்த்தனமான உதறலை மெதுவாக ஓடவிட்டாள். வாய் மட்டும் பாட்டோடு ஒழுங்காக நடக்கிறது. துணி எழும்பி, நின்று, கடல் அலை மாதிரி ஆறஅமர இறங்குகிறது. உங்கள் தங்கையின் தலைமுடி ஒவ்வொன்றாக மிதக்கிறது. அந்தத் துணியை எத்தனையோ பேருக்கு நான் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அது இப்படி ஒரு துணி என்று எனக்குத் தெரியாது. விலையை ஏற்றிவிட்டேன். வாங்காமல் போன அந்த வாடிக்கையாளரம்மாவையும் மகள் விடவில்லை. விலைக்குத் தலையாட்டியதைத் தாளத்தில் உட்கார வைத்துவிட்டாள். பாட்டில் சொக்கிப் போய்த் தலையாட்டுகிறார் பாருங்கள், அப்படி ஒரு ரசிகை உலகத்தில் கிடையாது.

"பக்கத்தில் நின்றும் பார்க்காத கண்ணே, பார்த்துவிட்டாயே இன்று" என்று ஒரு வரி. அந்த இடத்தில் ஒரு ஆள் வருகிறான். கழுத்து நரம்பு துடிக்க, கண்ணை எடுக்காமல், உயிரையே வாயில் வைத்துப் பாடுகிறான். அடுத்த வெட்டில் உங்கள் தங்கை, கண் கலங்கி அவனைப் பார்த்துப் பாடுகிறாள். யார் இந்த ஆள் என்று ஒரு கணம் யோசித்தேன், நிஜமாகவே. நான்தான்.

"நான் எப்பம்மா இப்படிப் பாடினேன்?"

"பாடலை. லாரியை எண்ணினீங்க. உங்க பக்கம் வெச்ச கேமராவும் ஓடிட்டிருந்துச்சு. உங்க வாயில உண்மை இருந்த ஒரே இடம் அதுதான்ப்பா. அந்த உதட்டுக்கு ஏத்த வரியைப் பாட்டு முழுக்கத் தேடிக் கண்டுபிடிச்சேன்."

துணிக்கட்டு எண்ணியவனை இரண்டு வெட்டில் நல்ல புருஷனாக்கிவிட்டாள். படைத்தவனுக்கே என்னிடம் அது முடியவில்லை.

படத்தைக் காட்டப் போனபோது நானும் கூடப் போனேன், தோற்கும்போது பக்கத்தில் இருக்கலாம் என்று. தலைமை எடிட்டரம்மா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விவரமாக வாங்குகிறவர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த இடம் வந்ததும் அவர் கை தானாகப் போய்ப் படத்தைப் பின்னுக்கு இழுத்தது, மறுபடி பார்த்தார். விரல் ஒரு துணிக்குத் திரும்பி வந்தால் சரக்கு விற்றாயிற்று என்று அர்த்தம்.

"இந்தப் பார்வையை எப்படி வாங்கினே?"

"வாங்கலை மேடம், கிடைச்சுது" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

"சேர்ந்துக்கோ. முதல் மூணு மாசம் பயிற்சி, சம்பளம் கிடையாது."

என் வாய் திறந்துகொண்டது. இந்தத் தடவை மீன் இல்லை. "மன்னிக்கணும் மேடம். ரெண்டு தடவை தொட்டுப் பார்த்த துணியை இனாமாக் கேக்கறது எங்க கடையில நடக்காதுங்க." மகள் என் காலை மிதித்தாள். நான் விடவில்லை. முதல் மாதத்திலிருந்தே சம்பளம் என்று முடிந்தது. படியிறங்கும்போதுதான் உறைத்தது: என் கல்லாவுக்கு இருந்த ஒரே ஆளை நானே நின்று பேரம் பேசி விற்றுவிட்டேன்.

போகட்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் தங்கை படத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு மாதிரி அமைதியாக இருக்கிறாள். "நீங்க என்னை இப்படிப் பார்ப்பீங்கன்னு தெரியாம இருந்துட்டேனே" என்றாள் ஒரு தடவை. என் சட்டைக்கு விட்டுப்போன பொத்தானை நான் கேட்காமலே தைத்துவைத்தாள். லாரி விஷயம் உங்களோடு இருக்கட்டும், அக்காவிடம்கூட வேண்டாம். படத்தில் ஒரே ஒரு குறை உண்டு. உங்கள் தங்கையின் இடது கன்னத்து மச்சம் அந்த ஒரு இடத்தில் மட்டும் வலது கன்னத்துக்குப் போய்விட்டது. கேமராக் கோளாறாக இருக்கும். கேட்டால் மகள் சிரிக்கிறாள். நீங்களும் கண்டுகொள்ள வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்காவுக்கு வணக்கம். நீங்கள் நீண்ட நாள் நலமாக இருந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மொத்த வியாபாரி போன் செய்தார். "ஒரு கட்டு வண்டி மூலையிலயே கிடந்துச்சுங்க, அனுப்பறேன். உங்க வீட்டம்மா அன்னைக்கே டிரைவர்கிட்ட சொன்னாங்களாம், அவன்தான் மறந்துட்டான்" என்றார். உள்ளே போய்க் கேட்டேன்.

"ஆமா, பாட்டு முடிஞ்சதும் சொன்னேன், இறக்கிட்டான்னு இருந்துட்டேன். உங்க எண்ணிக்கை நடுவுல விட்டுப் போகும்னு தெரியாதா, முதல்லேருந்தே நானாவது எண்ணணும்ல?"

"அப்போ அந்தக் கண்ணு கலங்கினது?"

"இமைக்காம எண்ணினா தண்ணி வராதா?" என்றவள், இடுப்பில் கை வைத்து, "நீங்க எதைப் பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உங்கள் குடும்பச் சிரிப்பு, நிற்கவில்லை. அப்புறம் மகள் வந்து சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே பக்கம் லாரியைப் பார்த்தா நான் என்ன பண்றது? அம்மாவைக் கண்ணாடி மாதிரி இடம் வலமாத் திருப்பிப் போட்டேன். இப்போ ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறீங்க." மச்சம் இடம் மாறிய கதை அதுதான். பாட்டை ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டே கணக்கையும் விடாமல் எண்ணியவளை வீட்டில் வைத்துக்கொண்டு, கல்லாவுக்கு நான் ஆள் தேடியிருக்கிறேன். உடனே பேசினோம். என் பேரம் எடுபடவில்லை. முடிந்தது இதுதான்: புதுக் கடைக் கல்லாவில் உங்கள் தங்கை உட்காருவாள், லாபத்தில் சரிபாதி, நாளுக்கு ஒரு தடவை நான் அவளை நேராகப் பார்க்க வேண்டும், லாரி வரும் நேரத்தில் பார்ப்பது கணக்கில் சேராது.