அந்தப் பெண்ணின் நல்லதுக்குத்தான்

மனசார ஆதரிப்பவர் என்றொரு பிறவி உண்டு. ஆரம்பப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் முன்வரிசையில் இவரைப் பார்க்கலாம். வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டியபோது முதலில் பாராட்டியவர் இவர். திறப்புவிழாப் படத்தில் நடுநாயகமாக நிற்பவர் இவர். எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று, யாரும் கேட்காமலேயே, எந்நேரமும் முழங்கத் தயாராக இருப்பவரும் இவரே. எல்லாக் குழந்தைகளும் என்றால் எல்லாக் குழந்தைகளும்தான். தன் மகளின் வகுப்பில் மட்டும் வேண்டாம்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள். அதனால் அங்கே யாரும் கை தட்டுவதில்லை. யாராவது நன்றாக வாசித்தால் பிள்ளைகள் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டுவார்கள். டீச்சர் பழக்கியது. இவருக்குத்தான் பொறுக்கவில்லை. கை தட்டத் தெரியாத பிள்ளை நாளைக்கு எப்படி முன்னேறும்?

அவளை வேறு பள்ளிக்கு மாற்றச் சொல்லித் தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்தார். போன கூட்டத்தில் அவர் அதற்கு முடிவு சொல்வதாக இருந்தது. பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் அந்தப் பெண், பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவள் அம்மா.

நம்மவர் எழுந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்றேன். அவளுக்குன்னே இருக்கற பள்ளிக்கூடத்துல இன்னும் சந்தோஷமா இருப்பா."

அவளிடம் கேட்டாரா? சேச்சே, அந்தச் சிரமமெல்லாம் கொடுக்க மாட்டார்.

பேசி முடித்ததும் படபடவென்று கைதட்டல். அந்தப் பெண் மேசைக்கடியில் போய்விட்டாள். பின்னாலேயே இன்னொரு சிறுமி நுழைந்து, தன் கைகளாலும் அவள் காதுகளைப் பொத்தினாள். அது நம்மவரின் மகள்.

"பாத்தீங்களா? அவளால இங்க தாங்க முடியல," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

மேசைக்கடியிலிருந்து மகளின் குரல் வந்தது. "தினமும் நல்லாத்தான்பா இருப்பா. நீங்கல்லாம் வந்துதான் சத்தம் போடுறீங்க."

அவர் அசரவில்லை. வகுப்பில் மகள் உட்காரும் இடத்தையும் மாற்றும்படி கையோடு கேட்டுவைத்தார். தலைமையாசிரியை முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போட்டார். அந்த அம்மா மேசை அருகே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் பக்கம் நிற்பவர் நீங்கள். இருந்தாலும், 'அந்த மனுஷர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கே' என்று மனசின் ஓரத்தில் தோன்றினால், தயவுசெய்து கை தட்டிவிடாதீர்கள். அவள் இன்னும் வெளியே வரவில்லை.