கொல்லைப்புறத்தில் நாலு முட்டை

இந்த வீட்டில் இனி என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று, சதுப்பில் முழங்கால் சேற்றில் நின்றபடி ஒரு காலையில் முடிவெடுத்தேன். உரக்கச் சொல்லவில்லை. பறவைகள் கலைந்துவிடும்.

என் உத்தியோகம் அப்படி. ஊருக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளி, அதை ஒட்டி ஒரு சதுப்பு. இரண்டிலும் என்னென்ன பறவை எத்தனை இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். விடிகிற நேரத்தில் குறித்த இடத்தில் போய் அசையாமல் நிற்க வேண்டும். கொசு கடித்தால் அடிக்கக் கூடாது. தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். புல்லுக்குள் திரிகிறவை பாதிக்கு மேல் கண்ணில் படாது, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருக்கும் இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வீட்டில் அதே பயிற்சிதான்.

அந்த வீர முடிவுக்குக் காரணம், முந்தின நாள் என் மனைவி சொன்ன ஒரு சேதி.

"என்னங்க, தம்பிக்கு இந்த ஊர் மார்க்கெட்லயே வேலை கிடைச்சிருச்சு."

"எந்தத் தம்பிக்கு?" என்றேன். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. பயத்தில் வந்த கேள்வி அது.

"எத்தனை தம்பி இருக்கான் எனக்கு? கொல்லையில அவனுக்கு ஒரு ரூம் கட்டச் சொல்லி கொத்தனார்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை அஸ்திவாரம் தோண்ட வர்றாரு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"இப்பக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். சரிதானே?"

சரி என்று என் தலை ஆடியது. அது எப்போதும் என்னைக் கேட்டுக்கொண்டு ஆடுவதில்லை.

மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிறவன். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் ஒலிபெருக்கி. அவன் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும். விடியற்காலையில் எழுந்து, "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று தொண்டையைப் பழக்குவான். தூக்கத்தில்கூட வெண்டைக்காயை யாருக்காவது விற்றுக்கொண்டிருப்பான்.

எனக்கென்று அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு சின்ன அறை. அதன் ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. புல்வெளியில் பதிவு செய்த குரல்களை அங்கே உட்கார்ந்துதான் திரும்பத் திரும்பக் கேட்டு, இது வானம்பாடி, இது நெட்டைக்காலி என்று பிரிப்பேன். கதவைச் சாத்தினால் யாரும் தட்ட மாட்டார்கள். வீட்டில் நான் சாத்தலாம் என்று அனுமதி பெற்ற கதவு அது ஒன்றுதான். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே ஒலிபெருக்கி குடிவந்தால் காதும் போச்சு, வேலையும் போச்சு, அறையும் போச்சு.

சேற்றில் நின்று யோசித்தபோது என்னைச் சுற்றி ஓர் ஆள்காட்டி கத்திக்கொண்டு பறந்தது. தரையில் முட்டையிடுகிற பறவை. முட்டை பார்க்கக் கூழாங்கல் மாதிரியே இருக்கும். சட்டென்று எங்கள் ஆபீஸ் விதி நினைவுக்கு வந்தது. தரைக் கூடு எங்கே இருந்தாலும் அந்த இடத்தை யாரும் தோண்டக் கூடாது, பக்கத்திலும் போகக் கூடாது. விதிக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு. சந்தோஷத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வரும் வழியில் நாலு கூழாங்கல் பொறுக்கினேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, களிமண் நிறத்தில் பூசி, கறுப்புத் திட்டுகள் வைத்தேன். அசல் ஆள்காட்டியே ஏமாந்து உட்காரும். கொல்லை நடுவில் சின்னக் குழி பறித்து, ஆள்காட்டி வைக்கிற மாதிரியே கூர்முனைகள் உள்பக்கம் சேர வைத்தேன். சுற்றிலும் கயிறு கட்டினேன். பிறகு மூச்சு வாங்க ஓடிவருகிற மாதிரி அடுக்களைக்குள் ஓடினேன்.

"ஏம்மா! கொல்லையில ஆள்காட்டி முட்டை வெச்சிருக்கு! நாலு!"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி முட்டையைப் பார்த்தாள்.

"அட, ஆமா. எவ்வளவு நாளாகும் பொரிக்க?"

"ஒரு மாசம் கிட்ட ஆகும். அதுவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. தோண்டவே கூடாது. கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லிடு."

"பாவம், வாயில்லாத ஜீவன். சொல்லிடறேன்."

அவ்வளவுதான். சண்டையில்லை, மூஞ்சியைத் தூக்கி வைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

மறுநாள் சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"ஏங்க, ஆள்காட்டின்னா யாராவது கிட்டப் போனா கத்திக்கிட்டுத் தலைமேல பாயும்னு சொல்வீங்களே. இது ஏன் வாயே திறக்கல?"

ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். "கொஞ்சம் கூச்ச சுபாவம் போல."

"ஆள்காட்டிக்கா?"

"எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும்."

அன்றைக்கே என் கைப்பேசியில் ஆள்காட்டிக் குரலைத் திரும்பத் திரும்பக் கத்தும்படி வைத்து, செடிக்கு அடியில் ஒளித்துவிட்டு வேலைக்குப் போனேன். பகல் முழுவதும் கொல்லை அலறியது. சாயங்காலம் அடுக்களையில் அவள், "கூச்சம் தெளிஞ்சிருச்சு போலிருக்கு" என்றாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த மூச்சையும் மறுநாள் நிறுத்திவிட்டாள்.

"உங்க மேடத்துக்கு போன் பண்ணிச் சொன்னேங்க. நேர்ல வந்து பாக்கறாங்களாம். நீங்களா உங்க பெருமையை எங்க சொல்லிக்கப் போறீங்க?"

என் மேலதிகாரி, ஒரு இறகைக் காட்டினால் பறவையின் வயதைச் சொல்கிற பெண்மணி. பொய்க் கணக்கு எழுதிய ஒருவரை ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பியவர். கல்லுக்குச் சாயம் பூசிக் கூடு வைத்தவனை எங்கே அனுப்புவார்? கல்லை எடுத்து வீசிவிடலாம் என்று மூன்று முறை கொல்லைக்குப் போனேன். மூன்று முறையும் மனைவி கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கிட்டப் போகாதீங்க! நீங்கதானே சொன்னீங்க?"

மேடம் வந்தார். அடுக்களை ஜன்னலிலேயே தொலைநோக்கியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். செடிக்கடியில் கைப்பேசி கத்திக்கொண்டிருந்தது. குனிந்து அதை அணைத்துவிடலாம் என்று நைசாக நழுவிக் கொல்லையில் கால் வைத்தேன்.

அப்போதுதான் புல்வெளிப் பக்கமிருந்து அசல் ஆள்காட்டி ஜோடி வந்தது. தங்கள் இடத்தில் வேறு எவனோ குரல் கொடுப்பதாக எண்ணிவிட்டன போலும். வந்த வேகத்தில் என் தலைமேல் பாய்ந்தன. ஒன்று முடியைக் கலைத்தது, மற்றது சட்டையில் அபிஷேகம் செய்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"அற்புதம்! எவ்வளவு ஆக்ரோஷமா கூட்டைக் காக்குது பாருங்க!" என்றார் மேடம். கல்லென்று அவருக்குத் தெரியவில்லை. "விதி தெரியுமில்ல? தரைக் கூடு கண்டுபிடிச்சா, கணக்கெடுக்கறவர் மறைவுக் கூடாரம் போட்டு, குஞ்சு நடக்கற வரைக்கும் அங்கேயே தங்கிக் காவல் காக்கணும். இன்னைக்கே போட்டுடுங்க. குஞ்சு வந்ததும் படம் எடுக்க நானே வர்றேன்."

அதுதான் இரண்டாவது பாதி.

அன்று சாயங்காலமே கொல்லையில் கூடாரம் எழுந்தது. பச்சைத் துணி, பார்க்க ஒரு துவாரம், உள்ளே ஒரு பாய், நான். கூடாரத்துக்குள் நான் குனிந்த அதே நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது.

"மாமா எங்கக்கா?" என்று கேட்டது ஒலிபெருக்கி. என் கூடாரத்துணி அதிர்ந்தது.

"அவரு கொல்லையில காவலுக்கு இருக்காருடா. ரூம்தான் காலியாக் கிடக்கே, பெட்டியை அங்க வை."

என் அறை! என் கதவு! நான் வெளியே பாய்ந்து கத்தியிருக்க வேண்டும். ஆனால் கூட்டுக்கு அருகே சத்தம் போடக் கூடாது என்பதும் விதி.

அதன் பிறகு விடிந்ததும் என் ஜன்னலிலிருந்து "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலம் கேட்கும். மழை பெய்தால் கூடாரம் ஒழுகும். மழை விட்டால் ஆள்காட்டிகள் என் தலையைத் தேடி வரும். நான் துவாரத்தில் கண்ணை வைத்து நாலு கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல் கல்லாகவே இருந்தது. மேடம் வந்து குஞ்சு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? மழையில் ஒரு முட்டைக்குச் சாயம் வேறு கரைந்துகொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மேடத்தின் கையெழுத்து தெரிந்தது.

ஒருநாள் காலை, தட்டோடு வந்த மனைவியின் முன்னால் உடைந்துபோனேன்.

"இந்த வீட்டுல உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். அது முட்டையே இல்லம்மா. கல்லு."

"தெரியுமே."

"தெரியுமா? எப்ப?"

"நீங்க காட்டின அன்னிக்கே. கையில சாயம் காயல. அப்புறம் உப்பு வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு உங்களுக்கு போன் போட்டேன். உங்க ஆள்காட்டி கத்தறதை நிறுத்திட்டு மணியடிச்சுது."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"உங்க ரூமைத் தம்பிக்குக் குடுங்கன்னு கேட்டா குடுப்பீங்களா? நீங்களா காலி பண்ணி வெளிய போறப்ப நான் ஏன் தடுக்கணும்? ரூம் கட்டற வேலையும் மிச்சம்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, மேடத்தின் பயம் அதற்கு இடம் விடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். மேடம் வந்தா என் வேலை போயிடும்மா!"

"போகாது. காலையிலேயே பேசிட்டேன். கீரி வந்து முட்டையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு, அதுல இருந்து இவரு சாப்பிடாம அழுதுக்கிட்டே இருக்காருன்னு சொன்னேன். உங்களை மாதிரி பறவை மேல பாசம் வெச்ச ஆளை அவங்க பாத்ததே இல்லையாம்."

நிஜமாகவே அழுதேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று மனசாரச் சொன்னேன். வேலை பிழைத்தது. மைத்துனனைக்கூடச் சமாளித்துக்கொள்ளலாம், கூடத்தில் ஒரு மூலை போதும் எனக்கு. நாலு கல்லையும் வேலிக்கு அப்பால் வீசிவிட்டு, துள்ளிக்கொண்டு வந்து கூடாரத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"அதை ஏங்க அவுக்கறீங்க? அடுத்த வாரம் என் தங்கச்சி குடும்பத்தோட வர்றா."