தீக்குச்சி சாரும் நாலு நைலான் இழைகளும்

எதையுமே நம்பாமல் ஒரு மனிதர் இந்த உலகத்தில் அறுபது வயதைத் தாண்டிவிட முடியும் என்பதற்கு ஒரே அத்தாட்சி எங்கள் தெருத் தீக்குச்சி சார்தான். டவுன்பஸ்ஸின் நெற்றியில் திருக்கோகர்ணம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் கண்டக்டரிடம் ஒருமுறை கேட்பார். கண்டக்டர் ஆமாம் என்றதும் டிரைவரிடம் போய்க் கேட்பார். இருவரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் போச்சு, ரெண்டு பேரும் பேசிவைத்திருக்கிறார்கள் என்று இறங்கி ஆட்டோ பிடிப்பார்.

கைத்தறிச் சங்கம் ஒன்றில் துணியின் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. துணியிலிருந்து ஓர் இழையை உருவுவார், தீக்குச்சி கிழித்துக் கொளுத்துவார், புகையை மோந்து பார்ப்பார். முடி பொசுங்குகிற வாடை வந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாடை என்றால் பருத்தி. உருகி உருண்டையாகத் தொங்கினால் நெய்தவனுக்கு அன்றைக்குக் கெட்ட நேரம். ஓய்வு பெற்றபோது தீப்பெட்டியையும் சங்கத்திலேயே ஒப்படைத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. பிரிவுபசார விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையிலேயே அதன் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்துவிட்டு, மைக்கில் "பாலியெஸ்டர்" என்று அறிவித்தாராம். ஏற்புரையே அவ்வளவுதான்.

என் பட்டுப்புடவையும் தப்பவில்லை. ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். முந்தானையில் கைவைத்து விட்டார்.

"பரவால்ல தங்கச்சி, பட்டுதான்" என்றார், ஏதோ ஏமாந்துபோனவர் மாதிரி.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குத்தான் கத்தாரில் வேலை பார்க்கிற மகன் ஒரு யுகுலேலே அனுப்பிவைத்தான். கிட்டார் குட்டி போட்டது போல இருக்கும், நாலே நாலு கம்பி. தெருவே கம்பி என்றபோது சார் மட்டும் இழை என்றார். "கம்பின்னா இரும்பு. இது இழை. என்ன இழைங்கிறதுதான் இப்பக் கேள்வி" என்றார்.

யுகுலேலே வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சாரின் மனைவி ஸ்டெல்லாக்கா ஆவூர்ப் பக்கத்துப் பெண். ஆவூர் மாதா கோயிலில் பாவாடை கட்டிய வயதிலிருந்து பாடியவர். அந்தப் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கப் போய்த்தான் சார் அவரைக் கல்யாணமே பண்ணிக்கொண்டார். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் குரல் சன்னமாகிவிட்டது. சுருதி அப்படியே இருந்தது, சத்தம்தான் போய்விட்டது. போன வருஷத் திருவிழாப் பூசையில் கீபோர்டு அவர் குரலை முழுங்கிவிட, பாதிப் பாட்டில் இறங்கி வந்துவிட்டார். மைக்கைக் கிட்டே வைத்துப் பாடச் சொன்னால், "அதுல எங்கொரல் எனக்கே வேற ஆளு மாதிரி கேக்குது" என்று மறுத்துவிட்டார். இந்த வருஷம் ஒரே ஒரு பாட்டு, மைக் இல்லாமல், புருஷனின் வாசிப்போடு பாடுவது என்று முடிவு. கிட்டாரும் குரலை முழுங்கிவிடும் என்றுதான் இந்தக் குட்டியை வரவழைத்தது. கடைசி பெஞ்சுக்குக் கேட்காவிட்டால் இனிமேல் பாடுவதில்லை என்றும் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அக்கா அப்படிப்பட்டவர்.

ஆக, சாருக்கு வேண்டியது அக்காவின் குரலை முழுங்காத இழை. தேட ஆரம்பித்தார். எங்கள் நிம்மதி போயிற்று.

யுகுலேலேயோடு வந்த இழை ஃப்ளூரோகார்பன், அது ஒருவகை பிளாஸ்டிக் என்று மகன் போனில் சொன்னான். சாருக்கு உடனே சந்தேகம். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டு கேட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏண்ணே, ஒங்க வீட்டு வாசல்ல வச்சுக் கொளுத்தக் கூடாதா?"

"அங்கிட்டுப் புகை போனா ஸ்டெல்லாவுக்குத் தொண்டைக்கு ஆகாது தங்கச்சி."

என் தொண்டை எக்கேடு கெட்டாலும் பரவாயில்லையாம். அந்த இழையோ தீயைக் காட்டினால் சுருண்டதே தவிர, ஒழுங்காகப் பற்றவில்லை. "எரியாத நூல நான் பாத்ததே இல்ல, இதுல ஏதோ இருக்கு" என்று கண்ணைச் சுருக்கினார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கோட்டைப்பட்டினம் போனார். மீன்பிடி சாமான் விற்கிற கடையில் காட்டி, "இது தூண்டில்ல கட்டுற தங்கூசிதானே?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் விரலில் சுற்றி இழுத்துப் பார்த்து, "அதேதாங்க சார், நல்ல சரக்கு, பெரிய மீனே தாங்கும்" என்றாராம். குற்றவாளியைப் பிடித்துவிட்ட பூரிப்போடு, அந்தக் கடைத் தங்கூசியையும் ஒரு சுருள் வாங்கி வந்து மாட்டினார். வாசித்தார். முகம் தொங்கிவிட்டது.

"என்னண்ணே ஆச்சு?"

"நல்லாருக்கு தங்கச்சி. ரெண்டும் ஒரே மாதிரி கணீர்னு இருக்கு" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

ஆனால் அந்தக் கணீர்தான் அக்காவுக்கு எமன். அதைக் கண்டுபிடித்தது நான்தான். என்னைத் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் ஓரம் நிற்கவைத்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து இருவரும் பாடி வாசிப்பார்கள். காதில் விழுவதை நான் ஓடிவந்து சொல்லவேண்டும்.

"கம்பிச் சத்தம் தெளிவா வருதுண்ணே. அக்கா பாடுறது வரல."

"ஒனக்குக் காது எப்ப செக் பண்ணது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சார் அந்தப் பக்கம் சும்மா போன ஆட்டோக்காரரை நிறுத்தி இரண்டாம் சாட்சியாக்கினார். அவரும் நான் சொன்னதையே சொன்னார். எங்கள் இருவருக்கும் ஏதாவது சொந்தமா என்று விசாரித்த பிறகுதான் சார் ஒப்புக்கொண்டார்.

பிறகு டவுனில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனார். அங்கிருந்த பையன் ஸ்டீல் கம்பி போடச் சொன்னான். "இந்தச் சின்னப் பொட்டியில ஸ்டீலப் போட்டு முறுக்குனா மேல்பலகை பேந்துக்கிட்டு வந்துரும். அப்பொறம் புதுப் பொட்டியும் அவங்கிட்டயே வாங்கணும். திட்டம் புரியுதா?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பையனுக்கு அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியுமா என்று எனக்குத் தோன்றியது. நாலாவது இழைக்கு மட்டும் உலோகம் சுற்றியது ஒன்று வாங்கிப் போட்டார். விரல் நகர்கிறபோதெல்லாம் எலி கத்துவது போல ஒரு கிரீச். அதையும் கழற்றினார்.

கடைசியில் சாதா நைலான். சத்தம் பஞ்சில் பொதிந்த மாதிரி மெத்தென்று வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் ஓரம் நின்ற எனக்கு முதன்முறையாக அக்காவின் குரல் முன்னாலும் இழையின் சத்தம் பின்னாலும் கேட்டது. ஓடிவந்து சொன்னேன். அக்கா சிரித்தார். நைலானுக்கு ஒரு குணம் உண்டு: புதிதாக மாட்டினால் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே போகும். சார் பொறுமையாகத் தினமும் முறுக்கி முறுக்கி அதை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். எல்லாம் கூடிவந்தது.

கூடிவந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. திருவிழா அன்று காலை நான் பட்டுப்புடவையோடு கிளம்பி அவர் வீட்டுக்குப் போகிறேன். அக்கா வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். சாரின் கையில் எட்டுத் துண்டு நைலான்.

"இவ்வளவு நல்லா வருதே, நெசமாவே நைலான்தானான்னு ஒரு சந்தேகம்..."

"கொளுத்திப் பாக்கணும்னா ஓரத்துல தொங்குற மிச்சத்த வெட்ட வேண்டியதுதானேண்ணே?"

"ஓரத்துல நல்ல நூலு போட்டு நடுவுல கலப்படம் பண்றது ஜவுளியில சகஜம் தங்கச்சி. அதான் நடுவுல வெட்டுனேன்."

"சரி, நாலையுமா?"

"ஒரு சாம்பிள் பத்தாது."

அக்கா அந்தச் சன்னக் குரலில், "ஏங்க, நான் ஒருத்திதான் பாக்கி. என்னையும் ஒரு கை பாத்துருங்க" என்றார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் அக்காவுக்காக விழுங்கிக்கொண்டேன். போகிற வழியில் சார் அந்த டவுன் கடையைத் திறக்கச் சொல்லி அதே நைலானை வாங்கினார். தீப்பெட்டி பக்கம் கையே போகவில்லை. வாடகைக் காரின் பின்சீட்டில் வைத்து மாட்டினார். ஆவூர் போய்ச் சேரும்வரை முறுக்கிக்கொண்டே வந்தார். அது நீண்டுகொண்டே வந்தது.

பூசையில் நற்கருணை வாங்கி முடிந்ததும் இருவரும் முன்னால் போய் நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முதல் சரணம் நன்றாகவே போனது. இரண்டாவதில் இழை இறங்கியது. சார் ஒரு கையால் முறுக்கினார், மறுபடியும் இறங்கியது. முன்வரிசையில் ஓரிருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அக்கா போன வருஷம் போல இறங்கி வந்துவிடுவாரோ என்று பாதி எழுந்துவிட்டேன். அப்போது சார் உள்ளங்கையை நாலு இழைகளின் மீதும் அழுத்தி வைத்தார். வாசிப்பு நின்றது. அக்கா அவரை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, எந்தத் துணையும் இல்லாமல் மிச்சப் பாட்டைத் தனியாகப் பாடினார். சின்னக் குரல்தான், ஆனால் அந்த ஃபேன் சத்தத்தையும் தாண்டி ஒவ்வொரு சொல்லும் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அழுதேன், மறைக்கவில்லை.

பூசை முடிந்ததும் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"கடைசி பெஞ்சுக்குக் கேட்டுச்சா?"

"எல்லாமே கேட்டுச்சுண்ணே."

"நெசமாவா? இழை நாலும் எறங்கிருச்சு தங்கச்சி. அவ எறங்கல, பாத்தியா?"

நான் பதில் சொல்வதற்குள், என்னை நம்பாமல், பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு அம்மாவிடம் போய் அதையே கேட்டார். அவர் சொன்னதும் அடுத்தவரிடம் போனார். எப்போதும் வருகிற கோபம் அன்றைக்கு எனக்கு வரவில்லை. நானும் அவர் கூடவே நடந்தேன். ஒவ்வொருவராக "கேட்டுச்சுங்க, நல்லாக் கேட்டுச்சு" என்று சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயிலில் இன்னும் கொஞ்சம் கூட்டம் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.